பானையின் அடி

ராஜபாளையம் வகுப்பில் நாங்கள் செய்த எல்லாப் பாத்திரத்துக்கும் அடி தட்டை. காபிக் கோப்பை, பேனா போடும் குவளை, சின்னப் பூந்தொட்டி, எதுவானாலும் கடைசியில் சக்கரத்தோடு ஒட்டி ஒரு கம்பியை இழுத்து அறுத்து எடுப்போம். கம்பி போன பாதைதான் பாத்திரத்தின் அடி. மேசையில் வைத்தால் ஆடாமல் நிற்கும். அதற்கு மேல் அடியைப் பற்றி யோசிக்க அப்போது எனக்கு எதுவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்பாண்டம் செய்யும் ஒரு வீட்டில், நம் ஊர்ப் பானைக்கு அடி எப்படி வருகிறது என்று பார்த்த பிறகுதான் இந்தத் தொழிலின் கனம் எனக்கு உறைத்தது.

வகுப்பு நடந்தது தென்காசி சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். மின்சாரச் சக்கரங்கள், வாளியில் தண்ணீர், பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த மண். கூடப் படித்தவர்களில் கல்லூரி மாணவிகள் இருந்தார்கள், ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருவர் இருந்தார். நான் பஞ்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பஞ்சும் நூலும் பேண்டேஜ் துணியும் பிறந்ததிலிருந்து பழக்கம். மண்ணைப் பிசைந்து ஒரு பொருள் செய்வது எனக்கு அதுதான் முதல் தடவை.

சொல்லிக்கொடுத்த தம்பி வெளியூர்களில் தங்கிப் பழகி வந்தவர். சக்கரத்தில் உட்காருவதற்கு முன்னால் அரை மணி நேரம் புதுச்சேரி கதைதான் சொன்னார். 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகப் போய்த் தனிப்பட்டறை வைத்தார்கள். அவர்களிடம் பயின்றவர்கள் இன்னும் பல ஊர்களுக்குப் போனார்கள். இன்று நகரங்களில் நடக்கிற வார இறுதி வகுப்புகளில் பலவற்றுக்கும் அந்தப் பட்டறையோடு ஏதாவது ஓர் ஒட்டுறவு இருக்கும் என்றார். சென்னைக்குப் போகிறவர்கள் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஐந்து நிமிடம் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்திருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கும் ஒரு பருவத்துக்கும் இடையில் இருக்கிற தூரத்தைத்தான் நாங்கள் ஞாயிறு தோறும் நடந்தோம்.

முதல் பாடம் மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது. வகுப்பில் இதைச் 'சென்டர் பண்றது' என்பார்கள். கைக்கு அடங்கும் ஓர் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் ஓங்கி அடித்து ஒட்ட வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் இடது முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு உள்ளங்கையால் பக்கவாட்டில் தடுக்க வேண்டும், வலது கையின் ஓரத்தால் மேலிருந்து அழுத்த வேண்டும். பலத்தைக் காட்டினால் மண் திமிறும். கை அசையாமல் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். உள்ளங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது ஒரு நொடியில் நின்றுவிடும். சுழல்கிற மண் சுழலாமல் நிற்பது போலத் தெரியும். அந்த நொடியை முதன்முதலில் அடைந்தபோது எனக்குக் கண் கலங்கியது. பக்கத்துச் சக்கரத்தில் இருந்த தபால்காரர் ஐயா கை தட்டினார்.

பிறகு பெருவிரலால் நடுவில் குழி போட்டு, உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்துச் சுவரை மேலே இழுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் விரல் ஒட்டிச் சுவர் கிழியும், கூடினால் சொதசொதவென்று சரியும். இழுக்கிற வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போனால் விரல் போன தடம் சுருள் கோடாகச் சுவரில் ஏறும்.

இரண்டு மணி நேர வகுப்பைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். அந்த வகுப்புக்குப் போன பிறகு சந்தையில் அடுக்கியிருக்கும் பானைகளைத் தாண்டி என்னால் நடக்க முடியவில்லை. வாய் விளிம்பை எப்படி மடக்கியிருக்கிறார்கள், கழுத்து எங்கே குறுகுகிறது, தோள் எங்கே விரிகிறது என்று கண் தானாகப் போனது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அந்தக் கேள்வி வந்தது. சக்கரம் தட்டை. அதில் செய்த பானையின் அடி மட்டும் எப்படி உருண்டையாக இருக்கிறது? பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அறுத்த தடம் இல்லை, ஒட்டிய தடம் இல்லை, சுருள் கோடும் பாதியோடு நின்றுவிட்டது. வகுப்பில் கேட்டேன். "அக்கா, அது எங்களுக்குச் சொல்லித்தரல. பானை செய்றவங்க வீட்டுக்குத்தான் நீங்க போகணும்" என்றார் அந்தத் தம்பி. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மேற்கே மலை கூடவே வரும். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர் ஆண்டாள் கோயில் கோபுரமும், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவும்தான். நான் தேடிப்போன வீட்டில் பானை செய்கிறவர் எழுபதைக் கடந்தவர். அவர் மனைவியும் அந்தத் தொழிலிலேயே வயதானவர். மகன் திருப்பூருக்குப் போய்விட்டார். கற்றுக்கொள்ள வேண்டும், வகுப்புக்குக் கொடுக்கும் கட்டணத்தை உங்களுக்கே தருகிறேன் என்றதும் பெரியவர் கூச்சப்பட்டார். அந்த அம்மாதான் பேச்சை முடித்தார்: "ஒரு நாக் கூலி கெடுதுல்ல. அத வாங்கிக்கிட்டுச் சொல்லிக் குடுங்க. சும்மா சொல்லிக் குடுத்தா அந்தப் பிள்ள நாளைக்கு வராது."

சக்கரத்தின் பக்கமே முதலில் விடவில்லை. மண்ணில்தான் இறக்கினார்கள்.

எங்கள் பக்கம் கரிசல் அதிகம். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு அது வரம். தனியாக அதை வைத்துப் பானை செய்தால் காயும்போதே விரிசல் விடும். அதனால் கண்மாயில் எடுத்த களியோடு மணலைக் கலக்கிறார்கள். குழியில் ஊறவைத்து, கரைத்து, வடித்து, இறுகிய பிறகு தரையில் மணல் தூவி அதன்மேல் பரப்பிக் காலால் மிதிக்க வேண்டும். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும், மறுபடி சுருட்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மணல் எவ்வளவு என்று கேட்டேன். பெரியவர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு கூடை" என்றார்.

மிதிப்பதற்கு இன்னொரு காரணம் சுக்காங்கல். மண்ணில் கலந்திருக்கும் சின்னச் சுண்ணாம்புக் கல் அது. பயறளவு கல் ஒன்று தப்பினாலும் போதும். சூளையில் அது வெந்து சுட்ட சுண்ணாம்பாக மாறும். பானை வெளியே வரும்போது நன்றாகத்தான் இருக்கும். பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து அந்தக் கல் வீங்கி, ஒரு நாள் பானையின் மேல் தோலைச் சில்லாகப் பெயர்த்துத் தள்ளும். விற்ற பானை வாங்கியவர் வீட்டில் ஒழுகும். அந்த அவப்பெயருக்குப் பயந்துதான் அவ்வளவு மிதி. "கண்ணு பாக்காது தாயி, காலுதான் பாக்கும்" என்றார் அந்த அம்மா. பிளாஸ்டிக் பையில் வந்த மண்ணுக்குப் பின்னால் இவ்வளவு வேலையை யாரோ ஓர் ஆலையில் செய்து முடித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெரியவரின் சக்கரம் தரையோடு தரையாக, கனமான பெரிய சக்கரம். ஒரு கோலை அதன் துளையில் கொடுத்துச் சுழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருவார். மின்சாரச் சக்கரம் மிதியைக் காலால் அழுத்தியிருக்கும் வரை ஒரே வேகத்தில் ஓடும். இது சுழற்றிய நொடியிலிருந்தே வேகம் குறையத் தொடங்கிவிடும். நடுவுக்குக் கொண்டுவருவதை அதிக வேகத்தில் முடித்து, சுவர் எழுப்புவதை நடு வேகத்தில் முடித்து, வாய் மடக்குவதைத் தளர்ந்த வேகத்துக்கு மிச்சம் வைக்கிறார். வேகம் குறைவதையே வேலைக்கு ஏற்ற வரிசையாக ஆக்கிக்கொண்ட அறிவு அது.

ஆனால் அந்தச் சக்கரத்திலிருந்து இறங்கியது பானை இல்லை. வாய், கழுத்து, தோள், பாதி வயிறு. அதோடு சரி. கீழே திறந்து கிடந்தது. சுவர் வகுப்பில் என்றால் திட்டு வாங்கும் அளவுக்குத் தடிமன். நூலால் அறுத்து எடுத்து நிழலில் வரிசையாக வைத்துவிட்டு, "இனி அவ வேல" என்று எழுந்து போய்விட்டார்.

விரல் வைத்தால் ஒட்டாது, அழுத்தினால் வளையும் என்ற பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பதத்தில் அந்த அம்மா ஒன்றை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். இடது கையில் உருண்டையான வழவழப்பான கல். அதைச் சாம்பலில் புரட்டிப் பானையின் வாய் வழியாக உள்ளே கொண்டுபோனார். வலது கையில் மரத்தாலான தட்டுப்பலகை. உள்ளே கல் எங்கே இருக்கிறதோ, வெளியே சரியாக அதே இடத்தில் பலகை விழுந்தது. பானை மடியில் திரும்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் தடித்த சுவர் கொஞ்சம் மெலிந்தது, மெலிந்த அளவுக்கு விரிந்தது, விரிந்தது உள்நோக்கி வளைந்தது. கையகலம் திறந்திருந்த அடி உள்ளங்கை அளவானது, பிறகு ரூபாய்க் காசு அளவு, பிறகு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் மேல் பலகை இரண்டு தடவை விழுந்தது. மூடிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தேன். எங்கே மூடியது என்று எனக்குத் தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. ஒரு நாள் ஆறவிட்டு மறுபடி தட்டு. சக்கரத்திலிருந்து சொம்பளவு இறங்கியது இரண்டாம் தட்டில் பானையாகப் பெருத்தது. எந்த இடத்தில் தடிமன் இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். சத்தம் என்றார். தடித்த இடத்தில் பலகை மந்தமாக விழும். மெலிந்துவிட்டால் சத்தம் மேலேறும். வயிற்றிலிருந்து அடிக்கு வரும்போது சத்தம் ஒன்றாகிவிட்டால் அந்தப் பானை சமமாக வந்துவிட்டது. உங்கள் வீட்டில் பழைய மண்பானை இருந்தால் உள்ளே கையை விட்டு அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். நன்றாக மெழுகாத பானையாக இருந்தால் லேசான குழிகள் விரலில் தட்டுப்படும். அந்தக் கல் இருந்த இடங்கள் அவை.

நான் பழகியது சின்னக் கலயத்தில். இந்த வேலையின் கடினம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடது கையில்தான் இருக்கிறது. வலது கை எங்கே விழப்போகிறது என்று இடது கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதிரி பிடிபட்ட பிறகு, யோசிக்காமல் தட்டினால் நேராகவும் யோசித்தால் தவறியும் விழுந்தது. கலயத்தின் அடி மூடிய அன்று அந்த அம்மா அதை வாங்கிச் சுற்றிப் பார்த்து, "தண்ணி நிக்கும்" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டியதில்லை.

அடி ஏன் உருண்டையாக வேண்டும்? மூலை இல்லாத பாத்திரத்தில் சூடு சீராகப் பரவும். தட்டை அடியும் சுவரும் சேரும் இடத்தில் தடிமன் மாறுவதால் காயும்போதும் சுடும்போதும் அந்த ஓரத்தில்தான் விரிசல் விழும். உருண்டை அடிக்கு அப்படி ஓர் ஓரமே கிடையாது. மூன்று கல் அடுப்பில் அது தானாகப் பொருந்தி உட்காரும், இறக்கி வைக்கப் புரிமணை இருக்கிறது. இடுப்பில் வைக்கும் குடமும், மாரியம்மனுக்குக் கையில் ஏந்தும் அக்கினிச்சட்டியும் உருண்டு இருப்பதால்தான் உடம்போடு பொருந்துகின்றன. இப்போது வாங்க வருகிறவர்கள் மேசையில் நிற்க வேண்டும் என்று தட்டை அடி கேட்கிறார்களாம். செய்தும் கொடுக்கிறார்கள். கேட்டதைச் செய்வது தொழில். ஆனால் கேஸ் அடுப்பின் கம்பிகளிலும் உருண்டைச் சட்டி நன்றாகவே நிற்கும் என்பதை வாங்குகிறவர்கள் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம்.

சூளை வைக்கிற நாளுக்கு அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடையிடையே தேங்காய் மட்டையும் சீமைக்கருவேல விறகும் செருகி, வைக்கோல் போர்த்தி, மேலே சேற்றைப் பூசி, புகை போக ஓட்டை விட்டார்கள். முதல் சில மணி நேரம் தீ என்று சொல்ல முடியாத தீ. வகுப்பில், மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று பேசிக்கொள்வோம். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. தங்கியிருக்கும் ஈரத்துக்கு வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் பானை சிதறும். பெரியவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "வெள்ளப் பொகை நிக்கிற வரைக்கும் அவசரப்படக் கூடாது." வெள்ளைப் புகை நின்று தெளிந்த பிறகுதான் விறகைக் கூட்டினார். ஏறத்தாழ 600 டிகிரியைக் கடந்தபின் அது களிமண்ணே இல்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இனி கரையாது. நாட்டுச் சூளை 700, 800 டிகிரி வரை போகும். அவரிடம் வெப்பமானி கிடையாது. ஓட்டை வழியே தெரிந்த நிறத்தைப் பார்த்துத்தான் போதும் என்றார்.

என் கலயம் சிவப்பாக வந்தது. இன்னொரு பானையோடு ஒட்டிக் கிடந்த பக்கம் மட்டும் கறுத்திருந்தது. காற்றுப் பட்ட மண் சிவக்கும், காற்றுப் படாமல் புகையில் கிடந்தது கறுக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கிற கறுப்புச் சிவப்புப் பானைகளைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால்தான் உள்ளே கறுத்து வெளியே சிவந்தன என்று ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். 2022இல் எங்கள் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த சுடுமண் பொருள்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இப்போது எனக்குச் சாம்பலில் புரட்டிய கல்தான் நினைவுக்கு வருகிறது. புறநானூற்றில் ஒரு பெண், இறந்த கணவனோடு தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று குயவரிடம் கேட்கிறாள். பள்ளியில் படித்தபோது அவள் துக்கம் மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய தாழியைச் செய்து சுட்டு எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது இப்போது தெரிகிறது.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா ஒரு நாளும் சக்கரத்தில் உட்கார்ந்ததில்லை. மிதிப்பது, தட்டுவது, காயவைப்பது, சூளை அடுக்குவது, தலையில் சுமந்து விற்பது எல்லாம் அவர் கை. சக்கரம் மட்டும் ஆண் கை. நாட்டில் பல பகுதிகளில் இதுதான் வழக்கம். வெளியிலிருந்து வந்த எனக்கு அந்தச் சக்கரத்தில் இடம் கொடுத்தார்கள். நீங்களும் உட்காருங்களேன் என்றேன். "எனக்கெதுக்குத் தாயி, தட்டுறதே போதும்" என்றார். ஆப்பிரிக்காவில், நைஜீரியாவில் லாடி குவாலி என்ற பெண் சக்கரமே இல்லாமல் கையால் பெரிய பெரிய உருண்டைப் பானைகள் செய்தார். அந்த நாடு அவர் உருவத்தை 20 நைரா நோட்டில் அச்சடித்தது. இங்கே தட்டுப்பலகை பிடித்த கைக்கு மானாமதுரையில் 2023இல் புவிசார் குறியீடு என்ற வடிவில் ஒரு மரியாதை கிடைத்தது. மற்றப் பல ஊர்க் கைகளுக்கு அதுவும் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாது, சூளை வைக்க முடியாது. கார்த்திகை அகலுக்கும் பொங்கல் பானைக்கும் ஆள் தேடி வருவதோ அதே பருவத்தில். மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. அடுப்பெரிய அது எத்தனை நாளைக்குப் போதும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கண்மாய் மண்ணுக்கு அலைந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது: 2024இல், மண்பாண்டத் தொழிலுக்குக் களிமண்ணை வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்று ஆணை வந்தது. நல்ல ஆணை. மண் வந்த பிறகு அதைத் தட்ட ஆள் வேண்டும்.

மண்பாண்ட வகுப்பு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வகுப்பில் ஒரு வாரத்தையாவது அடி தட்டுவதற்கு ஒதுக்குங்கள். அதைச் சொல்லித்தர உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இந்த வேலை தெரிந்த ஓர் அம்மாவை அழையுங்கள், அல்லது மாணவர்களை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அவருடைய ஒரு நாள் கூலியை முன்கூட்டியே கையில் கொடுங்கள். பானை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: வரும் பொங்கலுக்கு உருண்டை அடிப் பானையாகக் கேட்டு வாங்குங்கள், செய்தவரிடமே வாங்குங்கள், விலை பேசாதீர்கள்.